பன்னிரண்டு மணிப் பதிவு

மற்ற ஊர்களில் பாட்டைப் பதிவு செய்ய கரண்ட் வேண்டும். செல்லூரில் கரண்ட் போக வேண்டும்.

விடிந்ததும் தொடங்குகிற விசைத்தறிச் சத்தம் அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய மாதிரி. மைக்கைத் திறந்தால் பாடகிக்கு முன்னால் தறி பாட ஆரம்பித்துவிடும். அதனால் 'மூணாவது சந்து' என்ற இசைக்குழு மாதத்துக்கு ஒருநாள்தான் குரல் பதிவு செய்யும். "மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை" என்று பேப்பரில் வரும் அல்லவா, அந்த நாள். ஊரே திட்டிக்கொண்டு படிக்கிற அந்தச் செய்தியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் மதுரையில் மூன்றே பேர். நாங்கள்தான்.

நாங்கள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டது கொஞ்சம் அதிகம். குழு என்பது அசீமும் பாண்டிமீனாவும். அசீம் மெட்டுப் போடுவான், கிட்டார் வாசிப்பான், லேப்டாப்பில் வெட்டி ஒட்டுவான். மீனா எழுதிப் பாடுவாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ஆறு வருடத்தில் பதினோரு பாட்டு. நான் சிவனாண்டி. டவுன்ஹால் ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊழியன். மீதி நேரத்தில் இசைப் பத்திரிகையாளன். அதாவது இன்ஸ்டாகிராமில் 'வெள்ளி வரவு' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். சினிமாவுக்கு வெளியே தமிழில் அந்த வாரம் என்ன பாட்டு வந்தது, எந்தக் குழு சேர்ந்தது, எது பிரிந்தது என்று வெள்ளிக்கிழமைதோறும் போடுவேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் நூறு பேராவது பெயரைப் பார்த்து ஏமாந்து வந்தவர்கள், இன்னும் "கிராம் எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மாதம் அந்த மின்தடை நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெயில் வந்தது. சென்னையில் உள்ள ஓர் இசைக் கம்பெனியிடமிருந்து. 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஊடகங்களுக்கு மட்டும். வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்கு முன் வெளியிட வேண்டாம்.' ஊடகம்! ஒரு பெரியவரின் கண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்து நின்றேன். நான் ஓர் ஊடகம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். செய்தி இதுதான்: மதுரைப் பாடகி பாண்டிமீனா தனிப் பாடகியாக அவர்களோடு ஒப்பந்தம் செய்திருக்கிறாள். மெயிலைக் கடைசி வரை தேடினேன். அசீம் பெயர் இல்லை.

வியாழன் மாலை மீனா போன் செய்தாள்.

"அண்ணே, அவுக உங்களுக்கும் மெயில் போட்டாகளாம்ல. அசீமுக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு ரெக்கார்டிங் முடிஞ்சதும் நானே சொல்றேன். கம்பெனில பேசி சனிக்கிழமைக்குத் தள்ளியாச்சு. மத்தவுகல்லாம் சரின்னுட்டாக. நீங்களும் போட்றாதீங்க."

"தாயி, நான் போடுவேனா? இந்தா, எடுத்துட்டேன்."

எடுக்கவில்லை. வெள்ளி பன்னிரண்டு மணிக்குத் தானாகப் போகிற மாதிரி நேரம் குறித்து வைத்திருந்தேன். இரண்டு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். ஆனால் அதற்கு நான் செய்திருந்த படம்! மூன்று மணி நேர வேலை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று பார்த்தேன், பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். சரி, காலையில் பதிவு நடக்கிற குடோனுக்குப் போய் அழித்துக்கொள்ளலாம் என்று கடை முதலாளிக்கு மெட்ராஸ் ஐ வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடிக் கடையில் அதைவிடப் பெரிய லீவு லெட்டர் கிடையாது.

குடோன் அசீமின் தாய்மாமன் சேக் இஸ்மாயிலுடையது. நாலு பக்கமும் உச்சி வரை நூல் மூட்டை, ஜன்னல் இல்லை, தறியைத் தவிர வேறு சத்தம் அவ்வளவாக உள்ளே வராது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வாசலில் மோட்டார் ஷட்டர் மாட்டியிருந்தார். சுவிட்சைத் தட்டினால் ஏறும், இறங்கும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு உள்பக்கம் ஒரு கைச்சங்கிலி தொங்கும். போன மாதம் அந்தச் சங்கிலி லேசாக ஆடி, மீனா மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்திலெல்லாம் 'கிளிங்' என்று கூடவே போனது. ஆகவே இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக முதல்நாளே அதைக் கழற்றிவிட்டோம். அசீம் ஸ்டூலில் ஏறினான், நான் ஸ்டூலைப் பிடித்தேன். சங்கிலி அதன் சக்கரத்தோடு சேர்ந்து அசீமின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போனது.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு அசீம் சுவிட்சைத் தட்டி ஷட்டரை இறக்கினான். ஒன்பதுக்கு கரண்ட் போனது. ஒரு நொடியில் செல்லூர் முழுக்க மூச்சை நிறுத்திய மாதிரி அமைதி. மூன்று பேரும் கைதட்டினோம்.

மீனாதான் முதலில் கையை நிறுத்தினாள். "ஆமா, இப்ப வெளிய போகணும்னா எப்புடிப் போறது?"

அசீம் ஷட்டரைப் பார்த்தான். சங்கிலி தொங்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். ஸ்கூட்டர் வெளியே நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது.

நான் சிரித்தேன். நல்லா வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. முன்னால் இரும்பு, சுற்றிலும் நூல், டவருக்கும் அதே கரண்ட். மணி ஒன்பது நாலு. சிரிப்பு நின்றது.

ஷட்டரைத் தட்டித் தட்டி சேக் இஸ்மாயிலைக் கூப்பிட்டோம். நாற்பது வருடம் தறிக்கு நடுவில் நின்று பேசிய மனிதர். அவர் ரகசியம் சொன்னாலும் வைகைக்கு அந்தக் கரையில் கேட்கும்.

"அறிவு கெட்டவங்களா! சங்கிலியக் கழட்டிப்புட்டா உள்ள போய் உக்காந்தீங்க?"

"மாமு, ஷட்டர் மெக்கானிக்கக் கூப்புடுங்க!"

அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். "ஆரப்பாளையத்துல இருக்கான். வெளிய இருந்து நெம்புனா தகடு மடங்கிப் போகுமாம். கரண்ட் வரட்டும், சுவிட்ச அமுக்கச் சொல்லுங்கன்னுட்டான். தண்ணி இருக்கா?"

"இருக்கு மாமு."

"அப்பறம் என்ன, பாடுங்க!"

மைக்குக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. அதை வைத்து ஷட்டரைத் தூக்க முடியாதா என்று கேட்டேன். அசீம் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி தானாகவே வாபஸ் ஆனது.

அன்றைய பாட்டு 'துண்டு போட்ட சீட்டு'. ஆரப்பாளையத்தில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதைப் பற்றி மீனா எழுதியது. துண்டு போட்டவன் சுற்றி ஏறி வருவதற்குள் அந்தச் சீட்டில் வேறொருத்தர் உட்கார்ந்திருக்கிறார். மீனா மைக்குக்கு முன்னால் நின்றாள். அசீம் ஹெட்போனை மாட்டினான். என் வேலை, ஷட்டர் பக்கமிருந்து தெருச் சத்தம் வராமல் ஒரு பஞ்சு ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிடுவது. அப்புறம் அசையாமல் இருப்பது.

ஆனால் அந்தப் போஸ்ட் போக இரண்டரை மணி நேரம்தான் இருந்தது. மூட்டைகளுக்கு இடையில் போனைத் தூக்கிப் பிடித்து நடந்து பார்த்தேன்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள. காத்து."

மீனாவிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த மைக் என் வயிற்றுச் சத்தத்தைக்கூட அசீமின் காதுக்குக் கொண்டுபோகிற மைக். எழுதிக் காட்டலாம். காட்டினால் "எடுத்துட்டேன்" என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். ஒரு யோக்கியன் என்றால் அதைத்தான் செய்திருப்பான். நான் நூல்தூசியில் இரண்டு தும்மல் போட்டு இரண்டு டேக்கைக் கெடுத்ததோடு சரி.

பத்தரைக்கு ஓர் இடைவெளி. வியர்வையில் அசீமின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது; ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு குஷி.

"மீனா, இன்னும் அஞ்சு மெட்டு ரெடியா இருக்கு. மாசத்துக்கு ஒரு கரண்ட் கட்டுன்னா கூட அடுத்த வருசத்துக்குள்ள ஆல்பம் முடிச்சிரலாம். உன் தொண்டைக்குன்னே சுருதி எறக்கி வச்சிருக்கேன்."

"ம்."

"என்ன ம்? நல்லால்லயா?"

"நல்லாருக்கு அசீம்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் குடோனில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு சேக் இஸ்மாயில் டீயோடு வந்தார். ஷட்டரின் அடியில் தரை தேய்ந்து இரண்டு விரல் சந்து இருந்தது; சங்கிலியின் தடித்த சக்கரம் அதில் நுழையாது. பிளாஸ்டிக் கவரில் கட்டிய பார்சல் டீயை அதன் வழியே அமுக்கித் தள்ளினார். எனக்குப் பொறி தட்டியது. கவர் நுழைகிற சந்தில் போன் நுழையும். ஒரு சீட்டை எடுத்து, அவர் வயசுக்குத் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதி, போனோடு சேர்த்து ரஜாய்க்குப் பின்னால் குனிந்து வெளியே தள்ளினேன். உள்ளே அடுத்த டேக் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், படிச்சுப் பாத்துக்கங்க" என்று சந்தில் வாயை வைத்து ஊதினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். தறிச் சத்தத்திலேயே எழுத்துக்கூட்டிப் பழகியவர்கள் எதையும் மனதுக்குள் படிப்பதில்லை.

"பாய்!" என்று தொடங்கினார். அமைதியான அந்தச் செல்லூரில், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி. "இந்தப் போனை மெயின் ரோட்டுக்குக் கொண்டு போனால் சிக்னல் வரும். லாக் நம்பர் ஒண்ணு ஒண்ணு ஒண்ணு ஒண்ணு. பாண்டிமீனா மூணாவது சந்தை விட்டு சென்னை கம்பெனிக்குப் போகிறாள் என்று ஒரு போஸ்ட் பன்னிரண்டு மணிக்குப் போகும். அதை அழித்துவிடவும். அசீமுக்குத் தெரிய வேண்டாம்."

கொஞ்சம் இடைவெளி.

"எந்த அசீமு தம்பி? நம்ம அசீமா?"

நான் ரஜாய்க்குப் பின்னாலேயே குனிந்திருந்தேன். வெளியே வர அவசியம் என்ன இருக்கிறது? கடைசியில் முழங்கால் வலித்து எழுந்தேன். அசீம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தான்.

"என்ன மீனா?"

"சாயங்காலம் சொல்லணும்னு இருந்தேன்."

"எந்தச் சாயங்காலம்?"

"இன்னைக்குத்தான்."

"பாட்டப் பாடி முடிச்சிட்டு?" என்றான்.

அசீம் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"நேத்து ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே."

"நின்னேன் மாப்ள."

மீனா என் மேல் பாய்ந்தாள். "எடுத்துட்டேன்னு சொன்னீங்கள்ல? தாயின்னு வேற சொன்னீங்க! நான் ஒருத்தி, உங்களையும் ஒரு மனுசன்னு நம்பி..."

"எடுக்கணும்னுதாம்மா. அந்தப் படம்..."

"என்ன படம்?"

"உன்னையப் பெருசாப் போட்டு, பின்னாடி வைகைப் பாலம்..."

அதற்கு மேல் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

வெளியில் என்றால் கோபம் வந்தவன் எழுந்து போய்விடுவான். வண்டியை உதைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். அந்தக் குடோனில் அதிகபட்சம் பதினோரு எட்டு வைக்கலாம். அசீம் வைத்தான். ஷட்டரில் ஓர் உதை விட்டான். திரும்பிப் பதினோரு எட்டு வைத்து மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். மீனா எதிர் மூலையில். எனக்கு ஷட்டர் ஓரம். நாலாவது மூலையில் தண்ணீர்க் குடம் இருந்தது. எங்கள் மூன்று பேரைவிட அது நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு சேக் இஸ்மாயில் குரல். "தம்பி, அழிக்கிறதுக்கு எங்க அமுக்கணும்னு தெரியல. கண்ணாடி எடுக்காம வந்துட்டேன். நீங்க சீட்டுல பெருசா எழுதுன மாதிரி போன்ல எழுதல. அதுக்குள்ள அது போயிருச்சு. எழுபது பேரு ஹார்ட் போட்ருக்காக."

மறுபடி ஷட்டரைத் தட்டினார்.

"அசீமு! ஒங்கம்மா போன் போட்டா. யாரோ காமிச்சுட்டாகளாம். மீனா இனி நம்ம வீட்டுக்குச் சோத்துக்கு வராதான்னு கேக்குறா. என்ன சொல்ல?"

எதிர் மூலையில் மீனா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். என்னிடம் ஆயிரம் ஜோக் உண்டு. ஒன்றுகூட வாயில் வரவில்லை. வராததும் நல்லதுதான்.

ஒன்றரைக்குப் பசி. அந்தச் சந்தில் நுழைகிற ஒரே சாப்பாடு தோசைதான் என்று பாய் கண்டுபிடித்து, பேப்பரில் மடித்து மூன்று பொட்டலம் தள்ளினார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரவர் மூலைக்குப் போனோம். சட்னி ஒரே கவரில் வந்திருந்தது. மீனாதான் அதைப் பிரித்து நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் வெறும் தோசையைத் தின்ற அசீம், பிறகு வந்து நடுவில் உட்கார்ந்தான். நான் சட்னி இல்லாமலே சாப்பிட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ போன்னுருவ அசீம். போன்னு சொல்லீட்டு இங்க தனியா உக்காந்து வெட்டி ஒட்டிக்கிட்டு இருப்ப. அத நெனச்சுக்கிட்டு நான் எப்புடிப் போறது?"

"போகாதன்னு சொல்லிருந்தா?"

"சொல்லிருப்பியா?"

அவன் தோசையைப் பிய்த்தான். ரொம்ப நேரம் பிய்த்தான்.

"எப்ப இருந்து?"

"ஒண்ணாந்தேதி. அதுக்கப்பறம் வேற யாருக்கும் பாடக் கூடாது. முன்னாடி வெளிவந்த பாட்டுக்கு அவுக ஒண்ணும் கேக்க மாட்டாக."

"இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்தெட்டு" என்றேன். மூட்டை பேசிய மாதிரி இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அசீம் எழுந்து லேப்டாப்பைத் திறந்தான். "பேட்டரி பாதி இருக்கு. அஞ்சு மெட்டு இருக்கு."

"வரி எழுதலையே."

"எழுது."

"கோவமா இருக்கியா?"

"ஆமா. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ எழுது."

அவள் தோசை மடித்த பேப்பரின் எண்ணெய் படாத பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். காற்றுக்காக மேலே இருந்த ஓட்டையில் அடைத்திருந்த கழிவுப் பஞ்சை உருவினோம்; டேக் எடுக்கும்போது திரும்ப அடைத்தோம். காலையில் பாதியில் நின்ற பாட்டை முதலில் முடித்தார்கள். பிறகு புதிதாக ஒன்று. இருவரும் பாட்டைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. "இங்க மூச்சு எடு." "இதுல சுருதி ஏறுது." கண்ணைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆறு வருடத்தில் அவர்கள் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

நாலுக்குக் கொஞ்சம் முன்னால் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரண்ட். மின்வாரிய வரலாற்றில் இது எப்போதாவது நடந்திருக்கிறதா தெரியாது. தறிக்காரர்கள் ஐந்து மணிக் கணக்கில் வீட்டுக்குப் போயிருந்ததால் செல்லூர் இன்னும் அமைதியாகவே இருந்தது. சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற தூரம். ஏழு மணி நேரமாக நான் தண்ணீர்கூட அளந்து குடித்துக்கொண்டு காத்திருந்த சுவிட்ச். கையை நீட்டினேன்.

"கைய வைக்காதீங்கண்ணே."

"இல்ல மாப்ள, பேனாவது..."

"பேன் சத்தம் ஏறும். அஞ்சு மணி வரைக்கும் யாரும் எங்கயும் போகல." அசீம் கிட்டாரை எடுத்தான். "இன்னொண்ணு. இதுல வர்றது ரெண்டோ மூணோ, நாளைக்கே வெளியிடப் போறேன். வெள்ளி வரவுல வரக் கூடாது."

"சரி."

"எடுத்துட்டேன், போடலன்னு சொல்ற சரியா, நெஜமான சரியா?"

"நெஜமான சரி, மாப்ள."

"மாப்ள வேணாம்."

அதற்கும் சரி என்றேன். வெளியில் சேக் இஸ்மாயில் "கரண்ட் வந்துருச்சே, ஏன் தொறக்கல?" என்று இரண்டு தடவை கத்திவிட்டு, உள்ளே பாட்டு கேட்டதும் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை இறக்கி யாரிடமோ "ஸ்ஸ்" என்றார்.

நாலே முக்காலுக்கு மூன்றாவது பாட்டு. தூரத்தில் எங்கோ ஒரு தறி கண் விழித்தது. டக்கு டக்கு என்று ஷட்டர் வழியாகத்தான் கசிந்து வந்தது.

"அண்ணே, ரஜாயத் தூக்கிப் பிடிங்க. கீழ எறங்கியிருக்கு."

இரண்டு கையாலும் ரஜாயைத் தலைக்கு மேல் தூக்கி, ஷட்டருக்கும் மீனாவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றேன். பஞ்சு ரஜாய், நல்ல கனம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பின்னால் கிட்டார் ஆரம்பித்தது. மீனா பாடினாள்:

*கதவத் தொறந்து விட்டவங்ககிட்ட*
*கோவிச்சுக்கிட்டுப் போக முடியல.*

இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. அசீம் நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே போனான், அவள் வந்து சேர்கிற வரை அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தான். அவள் வந்து சேர்ந்தாள். இன்னொரு தறி எழுந்தது, பிறகு பக்கத்துச் சந்தில் ஒன்று.

பாட்டு முடிந்தது. அசீம் பதிவை நிறுத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. தறிச் சத்தம் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

"இது தேறாது" என்றான் அசீம். "தறி ஏறிருச்சு."

"அப்ப?"

"இன்னொரு தடவ பாடு."

"அதான் ஏறிருச்சே அசீம். இனி எல்லாமே தேறாது."

"தெரியும். பாடு."

மீனா மூச்சை இழுப்பது கேட்டது. நான் ரஜாயை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினேன்.